கோவேறு கழுதையின் குணம் எங்கிருந்து வருகிறது?

கோவேறு கழுதைக்குத் தாத்தா பாட்டி உண்டு, பேரப்பிள்ளை கிடையாது. தாய்வழியில் எல்லாம் குதிரைகள், தந்தைவழியில் எல்லாம் கழுதைகள். இடையில் பிறந்த இது தன் வம்சத்தைத் தன்னோடு முடித்துக்கொள்கிறது. ஆகவே உலகில் எங்கே ஒரு கோவேறு கழுதை மூட்டை சுமந்து போனாலும், அது பிறப்பதற்கு ஓராண்டு முன்பு யாரோ ஒருவர் ஓர் ஆண் கழுதையையும் ஒரு பெண் குதிரையையும் சேர்த்துவைத்திருக்கிறார் என்று பொருள்.

ஆடு, மாடு, நாய் வளர்ப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. நல்ல குணமுள்ள குட்டி கிடைத்தால் அதிலிருந்தே அடுத்த தலைமுறையை எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து தலைமுறையில் ஓர் இனத்தின் சுபாவத்தையே மாற்றிவிடலாம். கோவேறு கழுதையில் அது நடக்காது. எவ்வளவு அருமையான விலங்கு கிடைத்தாலும் அடுத்ததற்கு மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் இதன் குணத்தையும் இனப்பெருக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியவில்லை. பிடிவாதம் பிடிக்கும், உதைக்கும், நம்ப முடியாது என்று இதன்மேல் சொல்லப்படும் புகார்களில் ஒரு பகுதி, கழுதையின் இயல்பைப் புரிந்துகொள்ளாததால் வருவது. மீதி, வேறெதற்கும் ஆகாது என்று ஒதுக்கிய பெண் குதிரையைப் பிடித்து இந்த வேலைக்குப் பயன்படுத்துவதால் வருவது. இரண்டுமே நம் பக்கத்துக் குறை என்பது என் உறுதியான எண்ணம்.

பெயரையே பாருங்கள். கோ என்றால் அரசன். அரசன் ஏறும் கழுதை, கோவேறு கழுதை. பழந்தமிழில் இதற்கு அத்திரி என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கடலாடப் புறப்படும்போது மாதவி வண்டியில் ஏறுகிறாள், கோவலன் அத்திரிமேல் ஏறுகிறான். பெருவணிகன் மகன் பலர் பார்க்க ஏறிப் போன வாகனம் அது. விவிலியத்திலும் அப்படித்தான். சாலொமோனை அரசனாக்க வேண்டிய நேரத்தில், தன் சொந்தக் கோவேறு கழுதையின்மேல் அவனை ஏற்றிக்கொண்டு போகும்படி தாவீது கட்டளையிடுகிறார். கேலிக்குரிய விலங்காக இது மாறியது ரொம்பப் பிந்திய கதை.

குதிரைக் குடும்பத்து விலங்குகளைக் கலப்பது அதைவிடவும் பழைய வேலை. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், வளர்ப்புக் குதிரை மெசபடோமியாவுக்கு வந்துசேராத காலத்தில், அங்கே குங்கா என்ற விலங்கு தேர் இழுத்தது. சிரியாவில் உம் எல்-மர்ரா என்ற இடத்தில் கிடைத்த அதன் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். தாய் வளர்ப்புக் கழுதை, தந்தை சிரியக் காட்டுக் கழுதை. மனிதன் வேண்டுமென்றே உருவாக்கிய கலப்பின விலங்குகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது அதுதான். அந்தக் காட்டுக் கழுதை இனம் 20-ஆம் நூற்றாண்டில் அழிந்துபோனதால், இன்று யார் நினைத்தாலும் ஒரு குங்காவை உருவாக்க முடியாது. கலப்பினத்தின் உயிர் அதன் பெற்றோர் இனங்களின் கையில் இருக்கிறது. இந்தச் செய்தி பின்னால் மறுபடி வரும்.

நின்று பார்க்கும் விலங்கு

முதலில் உருவம். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. பெற்றோரை மாற்றிப் போட்டால், அதாவது ஆண் குதிரைக்கும் பெட்டைக் கழுதைக்கும் பிறந்தால், அது ஹின்னி. இரண்டிலும் பாதி குதிரை, பாதி கழுதைதான். கோவேறு கழுதையின் உடற்கட்டும் உயரமும் பெரும்பாலும் தாயைப் போல. நீண்ட காதும், மெல்லிய காலும், ஒடுங்கிய கடினமான குளம்பும் தந்தையிடமிருந்து வருபவை. குரல் இரண்டின் கலவை: குதிரைக் கனைப்பாகத் தொடங்கிக் கழுதைக் கத்தலாக முடியும். இந்தக் குரல் அதற்கே வினையாகவும் முடிந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பர்மாக் காட்டுக்குள் எதிரியின் பின்னால் ஊடுருவிய பிரிட்டிஷ் சிண்டிட் படைகள், சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தங்கள் கோவேறு கழுதைகளின் குரல்நாண்களை அறுவைசெய்து நீக்கின. ஊமையாக்கப்பட்ட அந்த விலங்குகள்தான் துப்பாக்கிகளையும் வானொலிக் கருவிகளையும் மலைமேடுகளில் சுமந்தன.

இப்போது அந்தப் பிடிவாதத்துக்கு வருவோம்.

குதிரை திறந்த புல்வெளியில் கூட்டமாக வளர்ந்த விலங்கு. ஏதாவது அசைந்தால் முதலில் ஓட வேண்டும், பிறகுதான் அது என்னவென்று பார்க்க வேண்டும். கூட்டத்தோடு ஓடுவதே அதற்குப் பாதுகாப்பு. கழுதையின் முன்னோரான ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதை வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட கல்லுப்பூமியில் வாழ்வது. அங்கே புல் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால் பெரிய கூட்டமாக மேய முடியாது. கண்மூடித்தனமாக ஓடினால் பாறையில் கால் ஒடியும். எனவே அது நிற்கும், காதைத் திருப்பும், பார்க்கும், யோசித்து முடிவெடுக்கும். தப்பிக்க வழி இல்லையென்றால் எதிர்த்து நின்று சண்டையிடும்.

கோவேறு கழுதைக்குள் இந்த இரண்டு சுபாவங்களும் ஒன்றாக இருக்கின்றன. அதன் வேகமும் துடிப்பும் தாயுடையவை. ஆனால் சந்தேகம் வந்தால் மேலெழுவது பெரும்பாலும் தந்தையின் புத்தி. ஆட்டம் காணும் மரப்பாலத்தின் முன் அது நின்றுவிட்டால், பாலம் தன்னைத் தாங்குமா என்று கணக்குப் போடுகிறது. பயிற்சி பெற்ற குதிரை, மேலே இருப்பவரின் கட்டளைக்குப் பணிந்து ஆபத்துக்குள்ளும் போய்விடும். கோவேறு கழுதை தன் உயிரை அவ்வளவு எளிதாக அடுத்தவர் கையில் கொடுக்காது. மலைச்சரிவில் ஒரு காலடி அகலமே உள்ள தடத்தில் மனிதர்கள் இதன்மேல் தைரியமாக உட்கார்ந்து போவதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணிகளைச் சுமந்து இறங்குபவை கோவேறு கழுதைகள். அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள சுபாய் என்ற ஊருக்குக் கடிதங்களும் சாமான்களும் போய்ச்சேர்ந்ததும் இவற்றின் முதுகில்தான்.

நின்றுவிட்ட விலங்கின் கயிற்றைப் பிடித்து இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இழுக்க இழுக்க நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும். 400 கிலோ எடையை இழுத்து ஜெயிக்க யாராலும் முடியாது. மனிதர் தோற்றார் என்பதை அது மறக்கவும் மறக்காது. தெரிந்தவர்கள் கயிற்றைத் தளர்த்துவார்கள், அரை நிமிடம் பார்க்க விடுவார்கள், பிறகு லேசாக அழுத்தம் கொடுத்து அது ஒரே ஓர் அடி எடுத்து வைத்ததும் அந்த அழுத்தத்தை உடனே விடுவார்கள். அந்த "உடனே" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தான் செய்தது சரி என்று அதற்குத் தெரியும் கணம் அதுதான்.

புத்திசாலித்தனம் என்று நான் சொல்வது வெறும் பாசத்தில் அல்ல. 2008-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் 6 கோவேறு கழுதை, 6 குதிரை, 6 கழுதைக்கு இரண்டிரண்டு அடையாளங்களைக் காட்டி, சரியானதைத் தேர்ந்தெடுத்தால் தீனி என்று பழக்கினார்கள். ஒவ்வொரு ஜோடியாகக் கற்றுக்கொண்டே போனதில் கோவேறு கழுதைகளே மற்ற இரண்டையும் முந்தின. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இவற்றோடு வேலை செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததோடு அது ஒத்துப்போகிறது. 1835-இல் ஆண்டிஸ் மலையைக் கோவேறு கழுதைகளோடு கடந்த சார்லஸ் டார்வினும் இதையே வியந்தார். அறிவு, நினைவாற்றல், பிடிவாதம், கூட்டாளிகள்மேல் பாசம், தசைவலு, ஆயுள் என எல்லாவற்றிலும் தாயையும் தந்தையையும் மிஞ்சிய இந்த விலங்கில், மனிதனின் கைவேலை இயற்கையையே மிஞ்சிவிட்டது போலிருக்கிறது என்பது அவர் கருத்து.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம் வேறொன்று. 1883 முதல் 1889 வரை கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்திலிருந்து மொகாவே ரயில் நிலையத்துக்குப் போராக்ஸ் உப்பை ஏற்றிப்போன வண்டிகள். ஒரு வழிப் பயணம் 265 கிலோமீட்டர். வண்டிக்கு 18 கோவேறு கழுதை, 2 குதிரை, எல்லாம் ஜோடி ஜோடியாக ஒரே நீண்ட சங்கிலியில். மலை வளைவில் திரும்பும்போது முன்னால் போகும் ஜோடிகள் இழுக்கிற இழுப்பில் சங்கிலி உள்பக்கமாகப் பாறையை நோக்கி வெட்டும், வண்டி தடத்தை விட்டு விலகிவிடும். அதைத் தடுக்க, நடுவில் உள்ள சில ஜோடிகள் விறைத்த சங்கிலியைத் தாண்டிக் குதித்து, வளைவுக்கு எதிர்ப்பக்கமாகப் பக்கவாட்டில் நடந்து இழுக்க வேண்டும். திருப்பம் முடிந்ததும் மறுபடி தாண்டித் தன் இடத்துக்கு வர வேண்டும். முன்னால் இருப்பவர்கள் ஒரு திசையில் போக, நாம் மட்டும் வேறு திசையில் இழுப்பது எதற்கென்று மனிதருக்கே புரியவைப்பது சிரமம். கோவேறு கழுதைகள் அதைக் கற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் செய்தன.

பாசம் என்று டார்வின் சொன்னதற்கும் காரணம் உண்டு. தென் அமெரிக்கப் பொதிக் கூட்டங்களில் கழுத்தில் மணி கட்டிய ஒரு பெண் குதிரை இருக்கும், மத்ரினா என்று பெயர். இரவில் கோவேறு கழுதைகளைக் கட்டாமல் மேய விட்டுவிடுவார்கள். விடிந்ததும் மத்ரினாவைப் பிடித்து மணியை ஆட்டினால் போதும், அத்தனையும் வந்துசேரும். வேறு கூட்டத்து மணியை ஒரு நாளும் பின்தொடராது. பெண் குதிரையின் மடியில் வளர்ந்த விலங்கு, பெண் குதிரையின் பின்னால் போவதில் ஆச்சரியம் இல்லை.

உடல்வலுவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அதே எடையுள்ள குதிரையைவிடக் குறைந்த தீனியில், குறைந்த தண்ணீரில், அதிக வெயிலில் வேலை செய்யும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாராளமாகச் சுமக்கும். 30 ஆண்டு வாழ்வது சாதாரணம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 40-ஐத் தொடும். ஆனால் "எதையும் தாங்கும்" என்ற பேச்சை நம்பிவிடக் கூடாது. கோவேறு கழுதை வலியை வெளியே காட்டாது. வயிற்றுச் சூலை வந்தால் குதிரை தரையில் புரண்டு அல்லல்படும், இது தலையைத் தொங்கப்போட்டு ஓரமாக நிற்கும், தீனியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தச் சின்ன மாற்றத்தைப் பார்த்து மருத்துவரை அழைக்காவிட்டால் காலம் கடந்துவிடும். மயக்க மருந்தும் குதிரைக்குக் கொடுக்கும் அளவு இதற்குப் போதாது, அதைத் தெரியாமல் சிகிச்சை தொடங்கி உதை வாங்கியவர்கள் பலர். செழிப்பான மேய்ச்சலில் சும்மா நிறுத்தினால் கொழுத்துக் குளம்பு நோயும் வரும்.

உதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்னங்காலைப் பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் குறி தவறாமல் வீசக்கூடியது இது. ஆனால் காரணமில்லாமல் உதைக்கும் கோவேறு கழுதை அபூர்வம். பின்னால் யாரோ சத்தமில்லாமல் வந்திருப்பார்கள், சேணம் முதுகைத் தின்றுகொண்டிருக்கும், அல்லது எப்போதோ ஒரு காலத்தில் அடி வாங்கியிருக்கும். நல்ல நினைவாற்றல் என்பது கெட்டதையும் சேர்த்துத்தான்.

63 என்ற எண்

குதிரையின் செல்லில் 64 குரோமோசோம், கழுதையின் செல்லில் 62. தாயிடமிருந்து 32, தந்தையிடமிருந்து 31 பெற்றுக் கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை எண்ணாக இருப்பதால் ஜோடி சேர முடியாமல் மலடாகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது முழு உண்மை இல்லை. மங்கோலியாவின் பிரஸ்வால்ஸ்கி குதிரைக்கு 66 குரோமோசோம். வளர்ப்புக் குதிரையோடு சேர்ந்தால் 65 உள்ள குட்டி பிறக்கும், அந்தக் குட்டி நன்றாகவே இனம் பெருக்கும். ஒற்றைப்படை அங்கே தடையாகவில்லை. உண்மையான சிக்கல், குதிரை கழுதை குரோமோசோம்களின் உள்ளடுக்கு வெகுவாக மாறிப்போயிருப்பது. ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு புத்தகங்களில் ஒன்றின் அத்தியாயங்களைக் கிழித்து இடம் மாற்றித் தைத்துவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிட முடியுமா? கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது அந்த ஒப்பீடு நடந்தாக வேண்டும். அது நடக்காததால் செல்கள் பாதியிலேயே அழிந்துவிடுகின்றன.

ஆண் கோவேறு கழுதை குட்டி போட வைத்ததாக நம்பத்தகுந்த பதிவு எதுவும் கிடையாது. பெண்ணில் மட்டும் மிக அபூர்வமாக அதிசயம் நடக்கிறது. "கோவேறு கழுதை குட்டி போடும்போது" என்று ரோமானியர்கள் சொன்னால் அது நடக்கவே நடக்காது என்று பொருள். ஆனாலும் நடந்திருக்கிறது. 1920-களில் டெக்சாஸில் ஓல்டு பெக் என்ற கோவேறு கழுதைக்கு, ஆண் கழுதையோடு சேர்ந்தபோது ஒரு கோவேறு கழுதைக்குட்டியும், ஆண் குதிரையோடு சேர்ந்தபோது அசல் குதிரைக்குட்டியும் பிறந்தன. அந்தக் குதிரைக்குட்டி வளர்ந்து தானும் குட்டிகளுக்குத் தந்தையானது. 1984-இல் நெப்ராஸ்காவில் கிராஸ் என்ற கோவேறு கழுதை ஈன்ற புளூ மூன் என்ற குட்டியைப் பரிசோதித்தபோது, அதற்கும் கோவேறு கழுதைக்குரிய அதே 63 குரோமோசோம்கள். தாய் தன் கருமுட்டையில் குதிரைப் பாதியை அப்படியே கொடுத்துவிட்டுக் கழுதைப் பாதியைக் கழித்துவிட்டது போல் இருந்தது. ஓல்டு பெக்கின் கதையும் இந்த விளக்கத்துக்குள் அழகாக அடங்குகிறது.

தனக்குக் குட்டி பிறக்காவிட்டாலும் பெண் கோவேறு கழுதைக்குச் சினைப்பருவம் வரும், கருப்பை சரியாக வேலை செய்யும். வேறொரு குதிரையின் கருவை உள்ளே வைத்தால் சுமந்து, ஈன்று, பால் கொடுத்து வளர்க்கும் என்று 1980-களில் நிரூபித்தார்கள். தாய்மை அதற்குள் இல்லாமல் இல்லை.

தாயைத் தேர்ந்தெடுப்பது

இனி இனப்பெருக்கம். முதல் முட்டுக்கட்டை ஆண் கழுதை. இயல்பாக விட்டால் அதற்குப் பெண் குதிரை மேல் நாட்டம் வராது, பெட்டைக் கழுதையைத்தான் தேடும். ஆகவே இந்த வேலைக்கென்று வளர்க்கும் ஆண் கழுதையைப் பால்குடி மறந்ததிலிருந்தே பெண் குதிரைக் குட்டிகளோடு வளர்க்க வேண்டும், பெட்டைக் கழுதைகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய வேளாண்மை எழுத்தாளர் வாரோ, பிறந்த ஆண் கழுதைக்குட்டியைப் பெண் குதிரையிடம் பால்குடிக்க விடும் வழக்கத்தைக் குறித்திருக்கிறார். குதிரைப்பாலில் குட்டி பெரிதாக வளரும், குதிரைகளோடு பழகியும்விடும்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு இந்தப் பாடம் அனுபவத்தில் கிடைத்தது. நல்ல ஆண் கழுதைகளை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஸ்பெயின் அப்போது தடை போட்டிருந்தது. அதை மீறி அரசர் மூன்றாம் கார்லோஸ் அன்பளிப்பாக அனுப்பிய ராயல் கிஃப்ட் என்ற ஆண் கழுதை 1785 டிசம்பரில் மவுண்ட் வெர்னன் பண்ணைக்கு வந்துசேர்ந்தது. ஆரம்பத்தில் அது பெண் குதிரைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டைக் கழுதையை அருகில் காட்டி ஆர்வமூட்டித்தான் காரியத்தைச் சாதித்தார்கள். அப்புறம் வேலை வேகம் பிடித்தது, 1799-இல் வாஷிங்டன் இறந்தபோது அவர் பண்ணைகளில் 50-க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள் இருந்தன. 1920-களில் அமெரிக்காவில் அவற்றின் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது.

உயர வித்தியாசம் இருந்தால் பெண் குதிரையைச் சற்றுத் தாழ்வான பள்ளத்தில் நிறுத்துவது பழைய வழி. இன்று பல இடங்களில் செயற்கைக் கருவூட்டல் அந்தச் சிரமத்தைத் தீர்த்துவிட்டது. ஹின்னி அபூர்வமாக இருப்பதற்குக் காரணம், பெட்டைக் கழுதை ஆண் குதிரையால் சினையாவது கடினம் என்பதுதான். சின்ன உடம்புள்ள தாயிடம் பெரிய குட்டியை எதிர்பார்க்கவும் முடியாது.

தந்தையைத் தேர்ந்தெடுக்கும்போது எலும்புக் கட்டு, நேரான கால், நல்ல குளம்பு ஆகியவற்றோடு அமைதியான சுபாவத்தையும் பார்ப்பார்கள். அமெரிக்காவின் மாமத் கழுதையைப் போல, தோள் உயரமே நாலே முக்கால் அடி வரும் பெரிய இனங்கள் இதற்காகவே உருவானவை. ஆனால் குட்டி எந்த வேலைக்கு ஆகும் என்பதைத் தீர்மானிப்பது தாய். கனமான உழவுக் குதிரை தாயானால் வண்டியிழுக்கும் கோவேறு கழுதை. சவாரிக் குதிரை தாயானால் சவாரிக்கேற்ற நடை. மட்டக்குதிரை தாயானால் சின்ன உருவம்.

உடம்பைப் போலவே மனசும். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. ஏனென்றால் பெண் குதிரை தன் மரபணுவில் பாதியைக் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. குட்டியின் முதல் ஐந்தாறு மாதமும் அதன் கண்ணெதிரே நடந்து காட்டுவது தாய்தான். மனிதர் வந்தால் தாய் காதைப் பின்னால் சாய்த்து விலகுகிறதா, முன்னால் வந்து முகர்ந்து பார்க்கிறதா என்பதைக் குட்டி ஒவ்வொரு நாளும் பார்த்துப் படிக்கிறது. கடிக்கும் குதிரை, பிடிக்க முடியாமல் ஓடும் குதிரை, சேணம் ஏற்க மறுக்கும் குதிரை என்று குதிரைக்குட்டி எடுக்கவே தயங்கும் தாய்களைக் கழுதையோடு சேர்த்துவிடும் வழக்கம் ரொம்பக் காலமாக இருக்கிறது. பிறக்கும் குட்டிக்கு அந்தத் தாயின் பதற்றமும் இருக்கும், தந்தையின் எதிர்த்து நிற்கும் உறுதியும் இருக்கும், இரண்டையும் மறக்காத மூளையும் இருக்கும். இதைவிட மோசமான சேர்க்கை உண்டா? பிறகு அதைப் பார்த்து, "கோவேறு கழுதை என்றாலே இப்படித்தான்" என்கிறோம்.

சினைக்காலம் 11 முதல் 12 மாதம். பிறந்த பிறகு கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கழுதையின் சிவப்பணுக்களில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதம் எந்தக் குதிரையிடமும் இல்லை. கோவேறு கழுதைக்குட்டி அதைத் தந்தையிடமிருந்து பெறுகிறது. முதல் குட்டியைச் சுமக்கும்போதோ ஈனும்போதோ அந்த ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். அடுத்த குட்டி ஆரோக்கியமாகவே பிறக்கும். ஆனால் எதிர்ப்பொருள் முழுவதும் சீம்பாலில் வந்து சேர்ந்திருக்கும். குட்டி குடித்ததும் அதன் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். ஓரிரு நாளில் துவண்டு, ஈறும் கண்ணும் மஞ்சளாகி, கவனிக்காவிட்டால் இறந்துவிடும். குதிரைக்குட்டிகளில் நூற்றில் ஒன்று இரண்டுக்கு மட்டுமே வரும் இந்த நோய், கோவேறு கழுதைக்குட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றைத் தாக்குகிறது.

தடுப்பது கடினமில்லை. ஈனுவதற்குச் சில வாரம் முன்பு தாயின் ரத்தத்தைப் பரிசோதித்தால் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்துவிடும். இருந்தால், பிறந்தவுடன் குட்டிக்கு வாய்க்கூடு மாட்டி முதல் ஒன்றிரண்டு நாள் தாய்ப்பாலைத் தடுத்து, கழுதையின் கருவை ஒருபோதும் சுமக்காத வேறொரு குதிரையின் சீம்பாலைப் புகட்ட வேண்டும். தாயின் சீம்பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும். குட்டியின் குடல் சுமார் ஒரு நாளுக்குப் பிறகு எதிர்ப்பொருளை ரத்தத்துக்குள் விடாது. அதன்பின் தாயிடமே பால் குடிக்கலாம். சீம்பாலே கொடுக்காமல் விட்டுவிடுவதும் ஆபத்துதான், ஏனென்றால் குட்டிக்கு நோய் எதிர்ப்பு சீம்பாலில்தான் வருகிறது. முதல் குட்டி நன்றாகப் பிழைத்தது, இரண்டாவதும் மூன்றாவதும் காரணம் தெரியாமல் போய்விட்டன என்று வருந்தும் வளர்ப்பாளர்கள் இந்தப் பரிசோதனை பற்றி ஒரு தடவையாவது கேட்டறிய வேண்டும்.

ஆண் குட்டியைக் காயடிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. எப்படியும் மலடுதானே என்று விட்டுவிடுகிறார்கள். குட்டி பிறக்க வைக்க முடியாதே தவிர, ஆண் விலங்குக்குரிய வேகமும் ஆவேசமும் முழுதாக வரும், காயடிக்காத கோவேறு கழுதையை வளர்ந்த பிறகு கையாள்வது உயிருக்கே ஆபத்து. பிறந்த நாளிலிருந்தே மனிதக் கை பட்டு வளர்வதும் அதேயளவு முக்கியம். காதைத் தொடவும் காலைத் தூக்கவும் குட்டியிலேயே பழக்காவிட்டால், நாலு வயதில் லாடம் அடிக்க நாலு பேர் வேண்டியிருக்கும்.

பெற்றோருக்கு நேர்ந்தது

கோவேறு கழுதையைப் பெருக்க, குதிரையையும் கழுதையையும் செலவழிக்க வேண்டும். பெண் குதிரை ஒரு கோவேறு கழுதையைச் சுமக்கும் ஆண்டு, ஒரு குதிரைக்குட்டி பிறக்காத ஆண்டு. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரான்சின் புவாத்து பகுதி சாட்சி. அங்கே நூற்றாண்டுக்கணக்கில் இரண்டு இனங்களைக் கோவேறு கழுதைக்காகவே வளர்த்தார்கள். ஒன்று, தரையைத் தொடுமளவு சடை தொங்கும் பெரிய புவாத்துக் கழுதை. மற்றொன்று, அகலக் குளம்புள்ள கனத்த சதுப்புநிலப் பெண் குதிரை. நல்ல பெண் குதிரைகளை எல்லாம் கழுதையோடு சேர்த்ததால் அசல் குட்டிகள் குறைவாகவே பிறந்தன. டிராக்டரும் லாரியும் வந்து கோவேறு கழுதைக்குத் தேவை போனதும் இரண்டு இனங்களும் ஒரே நேரத்தில் சரிந்தன. 1977-இல் எண்ணிப் பார்த்தபோது புவாத்துக் கழுதைகள் வெறும் 44. அதன்பிறகு தனித் திட்டம் போட்டுத்தான் அந்த இனத்தை மீட்டுக்கொண்டு வருகிறார்கள். குங்காவின் தந்தை இனத்துக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

வம்சம் இல்லாத இந்த விலங்குக்கு அறிவியல் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. 2003 மே 4-இல் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ஐடஹோ ஜெம் பிறந்தது. குதிரைக் குடும்பத்திலேயே நகலாக்கத்தில் (குளோனிங்) பிறந்த முதல் விலங்கு ஒரு கோவேறு கழுதை. பந்தயத்தில் பேர்பெற்ற ஒரு கோவேறு கழுதையின் உடன்பிறப்பாக உருவான கருவிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு அதை உருவாக்கினார்கள். அதே செல்களிலிருந்து அந்த ஆண்டே ஐடஹோ ஸ்டாரும் பிறந்தது. மரபணுவில் இரண்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. ஆனால் சுமந்த தாய்க் குதிரைகள் வேறு, பிறகு பயிற்சியாளர்களும் வேறு. 2006 ஜூனில் நெவாடாவில் கோவேறு கழுதைப் பந்தயத்தில் இரண்டும் ஒன்றாக ஓடின. இறுதிச் சுற்றில் ஐடஹோ ஜெம் மூன்றாவதாக வந்தது, ஐடஹோ ஸ்டார் ஏழாவதாக.